மழைக்கு நடுவே ஓர் அமர்விடம்

தியானத் தோட்டம் என்று இணையத்தில் தேடினால், கோடு கோடாக வாரிவிட்ட வெண்மணலும் மூங்கில் குழாயும் புத்தர் தலையுமாகப் படங்கள் வந்து குவிகின்றன. மதுரையில் அந்த மணல்கோடுகள் ஐப்பசியின் முதல் மழைக்கே கரைந்துவிடும். ஆண்டுக்குச் சுமார் 85 சென்டிமீட்டர்தான் இங்கே மழை. ஆனால் அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில், சில மாலைகளில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிறது. ஆகவே, வீட்டின் பின்பக்கத் தளத்தைச் சுற்றி அமைதியாக அமர ஓர் இடம் வேண்டுமென்றால், செடிகளைப் பற்றி யோசிப்பதற்கு முன் தண்ணீர் எங்கே விழுந்து எவ்வழியே வெளியேறும் என்பதைத் தீர்மானித்தாக வேண்டும்.

இந்தக் கேள்விக்கு நம் ஊர்க் குன்றுகளிலேயே 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய விடை உண்டு. மாங்குளம், கொங்கர்புளியங்குளம் போன்ற இடங்களில் உள்ள சமணக் குகைத்தளங்களுக்குப் போகிறவர்கள் வழவழப்பான கற்படுக்கைகளைத் தடவிப் பார்க்கிறார்கள். அவற்றுக்கு மேலே, பாறையின் நெற்றியில் நீளவாக்கில் வெட்டப்பட்டிருக்கும் காடியைக் கவனிப்பவர் குறைவு. பாறை முகப்பில் வழிந்து வரும் மழைநீர் அந்த விளிம்போடு அறுபட்டு வெளியே சொட்டிவிடுவதால், உள்ளே துறவியர் அமர்ந்த இடம் காய்ந்தே இருக்கும். இன்றைய சன்ஷேடின் அடிவிளிம்பில் கொத்தனார் இழுத்துவிடும் சிறு பள்ளக்கோடும் இதே வேலையைத்தான் செய்கிறது. அது விடுபட்டுப்போன வீடுகளில் தண்ணீர் அடிப்பக்கமாக ஊர்ந்து வந்து சுவரில் இறங்குவதைப் பார்க்கலாம்.

தளத்தின் மேல் தாழ்வாரம் இறக்குவதாக இருந்தால் தகரத்தைத் தவிர்ப்பது நல்லது. பலத்த மழையில் தகரத்தின் கீழே அமர்ந்து கண்ணை மூடியவருக்கு இரைச்சலைத் தவிர வேறெதுவும் கேட்காது. ஓடு அந்த ஓசையைத் தணித்துத் தருகிறது. கூரைநீர் விழும் கோட்டில் ஒன்றரை அடி அகலத்துக்கு ஜல்லி நிரப்பிவிட்டால், சேறு தெறித்து வெள்ளைச் சுவரின் அடிப்பகுதி கறைபடிவதும் நின்றுவிடும்.

தரையைப் பொறுத்தவரை, வேலை தொடங்கும்போது எந்தக் கொத்தனாரும் முதலில் கேட்பது, “சார், வாட்டம் எந்தப் பக்கம் விடணும்?” என்பதுதான். தண்ணீர் வடிவதற்கான சரிவே வாட்டம். வீட்டுச் சுவரிலிருந்து வெளியே, பத்தடிக்கு இரண்டு அங்குலம் என்ற கணக்கு போதுமானது. ஆனால் சரிவான தரையில் சம்மணமிட்டு நெடுநேரம் அமர்ந்தால் உடல் ஒரு பக்கமாகச் சாய்வது இடுப்புக்குத் தெரிந்துவிடும் என்பதால், அமர்வதற்கென்று தாழ்வாரத்துக்குள்ளேயே ரசமட்டம் வைத்துச் சமமாகக் கட்டிய சிறு திண்ணை தனியாக இருக்க வேண்டும். மேற்பரப்புக்கு மெருகேற்றிய கடப்பைக் கல் வேண்டாம். நனைந்தால் வழுக்கும், பாசி பிடித்தால் இன்னும் மோசம். கொத்திச் சொரசொரப்பாக்கிய கருங்கல்லே பாதுகாப்பு.

திருமங்கலம் பக்கம் எங்களுக்கு வாய்த்திருப்பது கரிசல். கோடையில் விரல் நுழையும்படி வெடித்து, மழையில் உப்பிக்கொள்ளும் இந்த மண்ணின் மேல் நேரடியாகக் கல் பாவினால் ஓராண்டுக்குள் தளம் மேடும் பள்ளமுமாகிவிடும். ஒன்றரை அடி தோண்டி எடுத்துவிட்டு, கிராவல் கொட்டித் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி, அதன்மேல் கல்லை இடைவெளிவிட்டுப் பதிப்பதே முறை. கரிசல் தண்ணீரை மெதுவாகத்தான் உறிஞ்சும். 1,000 சதுர அடிக் கூரையில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 4,600 லிட்டர் இறங்குகிறது. அவ்வளவையும் தோட்டத்துக் குழி ஒன்றே குடித்துவிடும் என்று நம்ப முடியாது. கிணறு இருப்பவர்கள் வடிகட்டித் தொட்டி வழியாக அதில் விடுவதே மேல். 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது கடமைக்கு நட்டுவைத்த குழாய்கள் பல வீடுகளில் இன்னும் எங்கும் சேராமல் நிற்கின்றன என்பது வேறு கதை.

செடிகளில், தண்ணீர் ஓடும் பள்ளத்தை ஒட்டிக் கல்வாழையும் வெட்டிவேரும் நன்றாக நிற்கும். மழைக்கும் அசையாமல், பங்குனி வெயிலுக்கும் எளிதில் சாகாமல் தாங்குபவை அவை. மதுரை என்றாலே மல்லிகை வைக்கச் சொல்வார்கள். வைக்கலாம், ஆனால் மேட்டுப் பாத்தியில்தான், ஏனெனில் அதன் வேர் தேங்கிய நீரில் அழுகிவிடும். மேலும், கார்த்திகை மார்கழியில் அது பெரிதாகப் பூக்காது. அந்தக் குறையைப் பவளமல்லி தீர்த்துவைக்கிறது: இரவில் மலர்ந்து, விடியலில் அமர வரும் வேளையில் தரை நிறையக் கொட்டிக் கிடக்கும். மரமல்லி அழகுதான், எனினும் காற்றுக்குக் கிளை முறியும் மரம். கூரைக்குப் பக்கத்தில் அதற்கு இடம் தர நான் சம்மதிக்க மாட்டேன்.

கல்தொட்டியில் அல்லி வளர்க்க விரும்பினால் கூடவே கப்பி மீன்களையும் விட வேண்டும். டெங்குவைப் பரப்பும் கொசு பெரும்பாலும் தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடுகிறது; ஒரு வாரம் பத்து நாளில் பறக்கத் தொடங்கிவிடும். பூத்தொட்டிகளின் அடித்தட்டுகளை மழைக்காலம் முடியும்வரை எடுத்துக் கவிழ்த்துவைத்துவிடலாம்.