லாலியின் சம்பள பாக்கி: ஒரு மேசைப் போர்த் தொடருக்கான நாட்குறிப்பு

ஜூன் 7

முடிவு பண்ணியாச்சு. எங்கள் மேசைப் போர் விளையாட்டில் இந்த வருஷம் வாட்டர்லூ கிடையாது, தென்னிந்தியாவில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய மூன்றாம் கர்நாடகப் போர்தான். 1758 ஏப்ரலில் பிரெஞ்சுத் தளபதி லாலி பாண்டிச்சேரியில் வந்து இறங்குவதில் தொடங்கி, 1761 ஜனவரியில் அந்த ஊர் ஆங்கிலேயரிடம் விழும் வரை மாதம் மாதமாக வரைபடத்தில் நகர்த்தி, படைகள் முட்டிக்கொள்ளும் இடத்தில் மட்டும் மேசையில் பொம்மைகளை இறக்கி விளையாடப் போகிறோம். மச்சான் பிரெஞ்சு, நான் ஆங்கிலேயர்.

இந்தத் தொடரில் வரும் வந்தவாசிச் சண்டையை மட்டும் தனியாக விளையாடினால் போதாதா என்று கேட்டார். போதாது. அன்றைக்கு இரு பக்கமும் ஐரோப்பியர் ஏறக்குறைய 2000 பேர்தான். ஒரு பொம்மைக்கு 20 பேர் என்று வைத்தால் பக்கத்துக்கு 100 பொம்மை, ஒரு மதியத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்தப் படை அந்த நிலைமையில் ஏன் அங்கே நின்றது என்பது மேசையில் தெரியவே தெரியாது.

ஜூன் 11

காற்றுக்கு விதி எழுதினேன். சோழமண்டலக் கரையில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் போர்க்கப்பல்கள் ஒதுங்க நல்ல துறைமுகம் இல்லை, அதனால் ஆங்கிலேயர் பம்பாய்க்கும் பிரெஞ்சுக்காரர் மொரீஷியஸுக்கும் போய்விடுவார்கள். ஆகவே அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் முடிய வரைபடத்தில் போர்க்கப்பல் இருக்கக்கூடாது, இருந்தால் ஒவ்வொரு வாரமும் பகடை உருட்டி சேதம் பார்க்க வேண்டும். சின்ன விதிதான், ஆனால் மொத்தத் தொடரும் இதில்தான் தொங்குகிறது. 1758 டிசம்பரில் லாலி மதராஸை முற்றுகையிட்டபோது கடல் காலியாக இருந்தது. 1759 பிப்ரவரி 16 அன்று ஆங்கிலேயக் கப்பல்கள் கண்ணில் பட்டன, அவ்வளவுதான், முற்றுகையை விட்டுவிட்டுக் கிளம்பினார். கோட்டைச் சுவரில் ஏற்கெனவே ஓட்டை போட்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கே மனசு கஷ்டமாக இருக்கிறது, நான் எதிர்ப்பக்கம் என்றாலும்.

ஜூன் 15

இன்று முழுக்கப் பெயிண்டிங். பிரெஞ்சு ரெஜிமென்ட் என்றால் வெள்ளைக் கோட்டு என்று லொரேன் வீரர்களுக்கு அடித்து முடித்தேன். அப்புறம் லாலியின் சொந்த ரெஜிமென்ட். அவர்கள் பிரெஞ்சு சேவையில் இருந்த அயர்லாந்துக்காரர்கள், கோட்டு சிவப்பு! ஆங்கிலேயர் கோட்டும் சிவப்பு. மேசையில் இரண்டும் கலந்தால் யார் யார் என்று தெரியாது, அதனால் லாலி ஆட்களின் கைமடிப்புக்குப் பளிச்சென்று பச்சை கொடுத்து, அடித்தட்டின் ஓரத்தில் நீலக்கோடு இழுத்தேன். புகை மூட்டத்தில் அந்தக் காலத்து ஆட்கள் எப்படித்தான் அடையாளம் கண்டார்களோ.

ஜூன் 21

வந்தவாசிக்கான ஏரிக்கரையைத் தெர்மகோலில் வெட்டி, ஃபெவிகால் தடவி, வாசல் செம்மண்ணைச் சலித்துத் தூவினேன். இன்னும் ஈரம் காயவில்லை. பிரெஞ்சு இடதுபக்கம் ஏரியையொட்டி மண்மேடு போட்டு நின்றார்கள், அங்கே இருந்த வெடிமருந்து வண்டியில் குண்டு பட்டு வெடித்ததும் அந்தப் பக்கமே சிதறியது. 1760 ஜனவரி 22. ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் வென்றார், பிரெஞ்சு அதிகாரி புஸ்ஸி பிடிபட்டார். பிரெஞ்சுப் பக்கம் வந்திருந்த மொராரி ராவின் மராட்டியக் குதிரைகள் சண்டையில் இறங்கவே இல்லை.

வண்டி வெடிப்பைக் கட்டாய நிகழ்வாக வைக்க வேண்டாம் என்று மச்சான் சொன்னார், சரிதான். பீரங்கி அந்த இடத்தைத் தாக்கினால் மட்டும் பகடை.

ஜூன் 24

சம்பள விதிக்கு மூன்று நாள் ஆனது. மாதத்துக்கு ஒரு முறை வராகன் எண்ணிக் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் அந்தப் படைப்பிரிவின் பேரில் ஒரு கறுப்புப் பொத்தான், நாலு பொத்தான் சேர்ந்தால் அது உத்தரவைக் கேட்காது. இது கற்பனை இல்லை. 1759 அக்டோபரில் பிரெஞ்சு ஐரோப்பியப் படையே சம்பள பாக்கி கேட்டுக் கலகம் செய்தது. மச்சானிடம் காட்டினேன். "மாப்ளே, இப்படி வெச்சா நான் எப்படி ஜெயிக்கிறது?" என்றார். லாலிக்கும் அதே கேள்விதான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்த மனிதரைப் பாரிஸில் 1766இல் தலைவெட்டிக் கொன்றார்கள். கோபக்காரர், யாரையும் மதிக்காதவர், எல்லாம் உண்மை. ஆனால் தோற்றதற்கு அவர் மட்டும் காரணம் என்று எழுதுகிறவர்கள் ஒரு முறை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஜூன் 29

உத்தரவு எழுதி வைத்த முதல் உறையைப் பிரித்தோம். கடலூர் பக்கத்தில் ஆங்கிலேயர் வைத்திருந்த தேவனாம்பட்டினம் கோட்டை 1758 ஜூன் 2 அன்றே விழுந்துவிட்டதாக வைத்துத் தொடங்கினோம். மச்சானின் உத்தரவு ஒரே வரி: "நேராக மதராஸ், கப்பல்களும் கூட வர வேண்டும்." லாலியும் அதையேதான் விரும்பினார், கடற்படைத் தளபதி தாஷே வர மறுத்துவிட்டார். அதனால் தாஷே சம்மதிக்க 5 அல்லது 6 விழ வேண்டும் என்று வைத்திருக்கிறேன். மச்சான் பகடையைக் கைக்குள் வைத்து ரொம்ப நேரம் குலுக்கினார்.

2.

கொஞ்ச நேரம் பேசாமல் வரைபடத்தையே பார்த்தார். அப்புறம் வராகன் டப்பாவைத் திறந்து எண்ணிவிட்டு, தஞ்சாவூர் ராஜா எழுதிக்கொடுத்த அந்தப் பழைய கடன் பத்திரம் எவ்வளவுக்கு என்று கேட்டார். 56 லட்சம் ரூபாய் என்றேன். காயைத் தெற்கே நகர்த்தினார்.