தக்கலையில் ஒரு ஃபாக்ஸ் மாத்

எங்கள் ஊர் வாசகசாலையின் சுவரில் மூன்று படங்கள் மாட்டப்பட்டுள்ளன. குலசேகரத்தில் பிறந்த ஜி. மாதவன் நாயர், சரக்கல்விளையைச் சேர்ந்த கே. சிவன், மேலக்காட்டுவிளையைச் சேர்ந்த வி. நாராயணன் ஆகிய மூவரும் இஸ்ரோவின் தலைவர் பொறுப்புக்கு உயர்ந்தவர்கள். அவர்கள் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மண்ணில் பிறந்தவர்கள் என்பதை வாசகசாலைக்கு வரும் பிள்ளைகள் அப்படங்களைப் பார்த்தே அறிந்துகொள்கிறார்கள். அந்தப் படங்களுக்குக் கீழே உள்ள மேசையில் வைப்பதற்காக, தை மாதம் தொடங்கி ஒரு மாதிரி விமானம் செய்து வருகிறேன். அது பிரிட்டனின் டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் டி.ஹெச். 83 ஃபாக்ஸ் மாத்; மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கைகள் கொண்ட சிறிய விமானம். 1935-இல் திருவனந்தபுரத்தில் முதன்முதலாக வந்திறங்கிய டாடா நிறுவன விமானம் இந்த வகையைச் சேர்ந்ததே.

அதைக் கேரளத்தின் வரலாறு என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம் என்பது என் நெடுநாள் வருத்தம். நம் மாவட்டத்து அகத்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் அன்று திருவிதாங்கூரில் இருந்தன. திருவனந்தபுரத்தில் விமானத்தளம் அமைய முன்முயற்சி எடுத்தவர் ஜி. வி. ராஜா என்று அழைக்கப்பட்ட கோதவர்ம ராஜா. 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய் வரை விமானம் ஓட்டிக் கொண்டுவந்த தபாலை, அங்கிருந்து சென்னைக்குக் கொண்டுசென்ற விமானி நெவில் வின்சென்ட். திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் மகாராஜாவுக்கு வைஸ்ராய் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்தோடு 1935-இல் திருவனந்தபுரத்துக்கு வந்தவரும் அவரே. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று, திருவிதாங்கூர் அஞ்சலின் கடிதங்களைச் சுமந்துகொண்டு முதல் விமானம் பம்பாய்க்குப் புறப்பட்டது. மணி கட்டிய கோலுடன் அஞ்சலோட்டக்காரர்கள் ஓடிச் சுமந்த தபால் அன்று வானில் ஏறியது. சரியாக 21 ஆண்டுகள் கழித்து, அதே நவம்பர் 1 அன்றுதான் நம் மாவட்டம் தமிழகத்துடன் இணைந்தது.

மாதிரியை 12-இல் ஒரு பங்கு அளவில் வகுத்துக்கொண்டேன். உண்மையான விமானத்தின் இறக்கை வீச்சு 9.42 மீட்டர், நீளம் 7.85 மீட்டர், ஆகவே என் மாதிரிக்கு வீச்சு 78.5 சென்டிமீட்டர், நீளம் 65.4 சென்டிமீட்டர். மிக இலேசான பால்சா மரத்தை வெளியூரிலிருந்து வரவழைத்தேன். இறக்கையின் குறுக்குச் சட்டங்கள் ஒன்றுபோல் அமைய வேண்டும் என்பதற்காக, ஒட்டுப்பலகையில் இரண்டு அச்சுகள் வெட்டி, அவற்றின் நடுவே பால்சா துண்டுகளை அடுக்கி இறுக்கி, மொத்தமாக உப்புத்தாளால் தேய்த்தேன். இரண்டு நாளில் முடிந்த வேலை என்றாலும், தனித்தனியே வெட்டியிருந்தால் வராத ஒழுங்கு இதில் வந்தது.

உடற்பகுதியைச் செய்தபோதுதான் இந்த விமானத்தின் அமைப்பு எனக்கு உண்மையில் விளங்கியது. எஞ்சினை அடுத்துப் பயணிகளுக்கு மூடிய அறை. விமானிக்கு அந்த அறைக்கும் பின்னால், உயரத்தில், திறந்த இருக்கை. தபாலும் பயணிகளும் காற்றும் மழையும் படாமல் உள்ளே இருக்க, ஓட்டுபவர் வெளிக்காற்றில் அமர்ந்து, முன்னே உயர்ந்து நிற்கும் அறையைத் தாண்டிப் பார்த்து ஓட்டியிருக்கிறார். ஏறத்தாழ 130 குதிரைத்திறன் கொண்ட ஒரே எஞ்சினை நம்பி, நீண்ட தூரத்தை அப்படிக் கடந்த வின்சென்டை நினைத்துக்கொண்டே அந்தச் சிறிய இருக்கையைக் குடைந்தேன். விமானி இருக்கையை மூடாமல் விட்டிருக்கிறேன்; பிள்ளைகள் குனிந்து உள்ளே பார்க்க வேண்டும்.

இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் வேலை கெட்டது. இறக்கைக்கு மெல்லிய தாள் ஒட்டி, நீர் தெளித்து இறுகவிட்டு, அதன்மேல் டோப் என்ற, தாளை இறுக்கும் பூச்சைப் பூசினேன். காற்றில் ஈரம் மிகுந்திருந்ததால் பூச்சு வெளுத்துப் புகைபோல் படிந்தது. தாள் ஒரு பக்கம் கூடுதலாகச் சுருங்க, மேல் இறக்கையின் இடது முனை முறுக்கிக்கொண்டது. தாளை உரித்துவிட்டு மீண்டும் ஒட்டினேன். இந்த முறை, ஒட்டிய இறக்கையைச் சமமான பலகையில் ஊசிகளால் குத்தி நிறுத்தி, வெயில் அடித்த நாளாகப் பார்த்து டோப்பை நீர்க்கக் கலந்து மூன்று முறை பூசி, ஒவ்வொரு பூச்சும் முழுதாக உலரும் வரை பலகையிலிருந்து எடுக்கவில்லை. முறுக்கு இல்லை.

மேசையில் நிற்கப்போகும் மாதிரி பறக்க வேண்டியதில்லை. ஆனாலும் பறந்து காட்டாத விமானத்தைப் பிள்ளைகளிடம் கொடுக்க மனம் ஒப்பவில்லை. ஆகவே இதே வடிவில் பாதி அளவுக்கு எஞ்சின் இல்லாமல் காற்றில் மிதந்து இறங்கும் எளிய விமானம் ஒன்றும் செய்தேன். கையால் எறிந்தபோது அது மூக்கைத் தூக்கி நின்று, பின் சரிந்து விழுந்தது. எடையின் மையம் பின்னால் இருந்ததே காரணம். குளச்சலில் வாங்கிய தூண்டில் ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாக மூக்கில் சேர்த்து, எடை மையத்தை இறக்கை அகலத்தின் முன்பக்க மூன்றில் ஒரு பங்குக்குள் கொண்டுவந்த பிறகு, அது பள்ளி மைதானத்தில் தலை சாயாமல் இறங்கியது. அங்கே நின்ற சிறுவர்கள் அதைத் திரும்பத் திரும்ப எறியக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மாலை முழுதும் அது என் கைக்கு வரவில்லை.

பெரிய மாதிரியில் இனி மீதமிருப்பது இறக்கைகளுக்கு இடையிலான இழுகம்பிகள். அவற்றுக்கு மெல்லிய தங்கூசியை, அதாவது தூண்டில் நரம்பைக் கட்டிப் பார்த்தேன். சாம்பல் வண்ணம் பூசினால் கம்பி போலவே தெரிகிறது. இறக்கைகளுக்கு இடையே நிற்கும் தாங்குகால்களின் அடியில் துளையிட்டு இரண்டு இழுகம்பிகளைக் கட்டி முடித்திருக்கிறேன். பீடத்துக்கு வீட்டில் கிடந்த பழைய பலாப்பலகை ஒன்றை இழைத்து வைத்தாயிற்று. அதில் ஜி. வி. ராஜா, நெவில் வின்சென்ட் என்ற இரண்டு பெயர்களையும், “திருவனந்தபுரம் – பம்பாய், 1935 நவம்பர் 1” என்ற வரியையும் செதுக்க வேண்டும்.