"சரியானதைச் சொல்லுங்கள்"

"மேடம், சரியானதைச் சொல்லவா, நான் பேசுற மாதிரியே சொல்லவா?"

ஹிந்தி ஒலிகளைச் சொல்லும்போது தொண்டைத் தசைகள் எப்படி வேலை செய்கின்றன என்று அளக்கும் எங்கள் ஆய்வுக்காகப் பேச வந்தவர், ஹிந்தியில்தான் கேட்டார். அதற்குள் அவருடைய மெல்லண்ணத்தை, அதாவது அண்ணத்தின் மென்மையான பின்பகுதியை, தூக்கும் தசையிலும், குரல்நாண்களை விலக்கித் திறக்கும் தசையிலும் தசையின் மின்னலையைப் பதியும் மெல்லிய கம்பிகள் இறங்கியிருந்தன. "சரியானதைச் சொல்லுங்கள்" என்றேன். அவரும் சொன்னார். அமர்வு நன்றாகவே முடிந்தது.

பட்டியலில் இருந்தது பழத்துக்கான சொல். அதன் முதல் எழுத்து, பிரசார சபா பரீட்சைக்குப் படித்த நாம் 'இரண்டாம் ப' என்று சொல்லும் எழுத்து. உதடுகள் மூடித் திறந்து, பின்னால் ஒரு மூச்சு வர வேண்டும். அவர் 'ஃபல்' என்றார். மேல்பல் கீழுதட்டைத் தொட்ட சுத்தமான ஃப. டெல்லியில் வளர்ந்த பிள்ளைகளில் பலர் இப்படித்தான் சொல்கிறார்கள். நான் நிறுத்தி, இரண்டு உதடும் சேரட்டும் என்றேன். அப்போதுதான் அந்தக் கேள்வி.

என் பக்க நியாயம் இதுதான். ஹிந்தியின் நான்கு ப-க்களையும் (p, ph, b, bh) ஒரே ஆளிடம் ஒரே அமர்வில் ஒப்பிடுவதுதான் ஆய்வே. ஊசி வழியாகக் கம்பியை வைத்துவிட்டு ஊசியை உருவிவிடுவார் டாக்டர். கொக்கி போன்ற நுனி தசையில் மாட்டிக்கொள்ளும். எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தால் வேறு தசை இழைகளில் போய் உட்காரும். அப்புறம் முன்பு வந்த அலையின் உயரத்தை இப்போது வருவதோடு ஒப்பிட முடியாது. அன்று கிடைக்காத எழுத்து கிடைக்காததுதான். லிக்னோகெய்ன் மருந்தால் மரத்துப்போன தொண்டையோடு உட்கார்ந்திருப்பவரிடம் உச்சரிப்பைப் பற்றி விவாதம் நடத்தவும் முடியாது.

இன்னொன்று. ஃப சொல்லும்போதும் குரல்நாண்கள் விலகும், அந்தத் தசை வேலை செய்யும், திரையில் அலை எழும். நான் காதை மூடிக்கொண்டிருந்தால் எண்கள் அழகாகவே வந்திருக்கும். உதடு மூடாத ஒலி மூடும் ஒலியின் கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கும். திருத்தியது நேர்மைதானே?

ஆனால் எதைத் திருத்தினேன்? வீட்டிலே ஹிந்தி பேசி வளர்ந்தவரை, மத்யமா, ராஷ்ட்ரபாஷா என்று பரீட்சை எழுதிக் கற்றுக்கொண்ட நான் திருத்தினேன். என் தாய்மொழியில் இரண்டாம் ப கிடையாது. அவர் வாயில் இல்லாத ஒலியை என் புத்தகத்திலிருந்து எடுத்து அவர் தொண்டைக்குள் வைத்து, பிறகு அதையே அளந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு சொல்லையும் பள்ளிக்கூடத்தில் வாசிப்பது போல அழுத்தி அழுத்திச் சொன்னார். அழுத்திப் பேசினால் யாருக்கும் தசை அலை கூடும். எவ்வளவு ஹிந்தியால், எவ்வளவு எனக்குப் பயந்து என்று பிரிக்க எந்தக் கருவியும் இல்லை.

1975-இல் டோக்கியோவில் ககாயா, ஹிரோசே என்ற ஆய்வாளர்கள் ஹிந்தி மெய்களை இதே போல ஈ.எம்.ஜி. என்ற தசை மின்னலைப் பதிவு, தொண்டைக்குள் பார்க்க உதவும் ஒளியிழைக் குழாய் இரண்டையும் வைத்துப் பார்த்தார்கள். நான்காம் ப-வில் குரல்நாண்கள் முதலில் அதிர்வுக்காகச் சேர்ந்திருந்து, பிற்பாதியில் விலகுகின்றன என்பதை அந்த ஆய்விலிருந்துதான் படித்தோம். அழகான விஷயம், எனக்கு இன்றும் பிடிக்கும். அங்கே பேசியவரும் இப்படிக் கேட்டிருப்பாரோ என்ற நினைப்பு இப்போது அதைப் படிக்கும்போதெல்லாம் வருகிறது. வேண்டாத நினைப்புதான். ஆய்வுக்கூடப் பேச்சு எல்லாமே கொஞ்சம் கவனமான பேச்சுதான், அதைச் சொல்லியே பிழைப்பு நடத்துகிறோம் என்றார் உடன் வேலை செய்பவர். அதுவும் சரி.

இப்போது ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். கம்பி வைப்பதற்கு முன் வருபவரிடம் வீட்டுக் கதை, கிரிக்கெட், ஏதாவது பேச்சுக் கொடுத்துப் பதிவுசெய்துகொள்வேன். பேச்சு வாக்கில் இரண்டாம் ப தானாக வருபவரை மட்டும் வைத்துக்கொள்வேன். மற்றவர்களைத் தேநீர் கொடுத்து, நன்றி சொல்லி அனுப்பிவிடுவேன். யாரையும் திருத்த வேண்டியதில்லை, அலைகளும் ஒழுங்காக வருகின்றன. வெளியே அனுப்பப்படுபவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். அறிக்கையின் தலைப்பில் 'ஹிந்தி பேசுபவர்கள்' என்றே இருக்கிறது. அதை மாற்றலாமா என்று நான் இன்னும் யாரிடமும் கேட்கவில்லை.