உம் கொட்டுகிற குரல்கள்

கோயம்புத்தூரில் ஒரு ட்ரான்ஸ்கிரிப்ஷன் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்த நோயாளிக் குறிப்புகளைக் கேட்டு டைப் அடிப்பதில் தொடங்கினேன். அந்த வேலை வற்றிப்போனதும் பாட்காஸ்ட், யூட்யூப் உரையாடல்களை எழுத்தாக்கி கேப்ஷன் போடும் பிரிவுக்கு வந்து சேர்ந்தேன். சில வருடங்களாக என் ஹெட்செட்டில் அதிகம் கேட்பது அமெரிக்கக் கறுப்பின ஆண்களின் பேச்சுதான். நண்பர்கள் மூன்று நான்கு பேர் மைக்கைச் சுற்றி உட்கார்ந்து வேலை, கூடைப்பந்து, கல்யாணம், விவாகரத்து, போலீஸ், அப்பா என்று பேசுகிற நிகழ்ச்சிகள். ஒப்பந்தம் இருப்பதால் நிகழ்ச்சிகளின் பெயரைச் சொல்ல முடியாது. ஆட்களையும் அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன்.

இந்தத் தொழிலில் இரண்டு முறை உண்டு. ஃபுல் வெர்பேட்டிம் என்றால் இருமல், திக்கல், சிரிப்பு எல்லாவற்றையும் எழுத வேண்டும். க்ளீன் வெர்பேட்டிம் என்றால் வாசிப்பவருக்கு இடைஞ்சலானதைக் கழித்துவிட்டு எழுத வேண்டும். பெரும்பாலான வாடிக்கையாளர்கள் கேட்பது இரண்டாவதைத்தான். விலை குறைவு, சீக்கிரம் முடியும். எதைக் கழிக்க வேண்டும் என்பதற்கு ஸ்டைல் கைடில் பட்டியலே இருக்கிறது: ‘ம்ம்’, ‘யா’, ‘ரைட்’, ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே சொல்லும் சிறு வார்த்தைகள், ஒரே சமயத்தில் எல்லோரும் பேசும் இரைச்சல்.

எனக்குத் தகராறு அந்தப் பட்டியலோடுதான்.

நம் வீட்டில் பாட்டி கதை சொல்லும்போது யாராவது உம் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உம் நின்றால் கதையும் நின்றுவிடும். இந்த ஆண்களின் பேச்சும் அப்படித்தான் ஓடுகிறது. ஒருவர் ஒரு வாக்கியம் சொல்கிறார். பக்கத்தில் ஒரு குரல் ‘சொல்லு, சொல்லு’ என்கிறது. இன்னொன்று ‘அது உண்மை’ என்கிறது. மூன்றாவது வெறுமனே ஒரு பெருமூச்சு. அதற்குப் பிறகுதான் அவர் அடுத்த வாக்கியத்துக்குப் போகிறார். இது அவர்களுடைய தேவாலயத்திலிருந்து வந்த பழக்கம். போதகர் ஒரு வரி சொன்னால் சபை பதில் வரி கொடுக்கும். அந்தப் பதிலின் சூட்டைப் பார்த்துத்தான் போதகர் அடுத்ததை எடுப்பார். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் பேசிக்கொண்டிருந்தபோது, மேடையருகே இருந்த பாடகி மஹாலியா ஜாக்சன், “அந்தக் கனவைப் பற்றிச் சொல்லுங்கள், மார்ட்டின்” என்று குரல் கொடுத்ததாக அங்கே இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதன் பிறகு கிங் எழுதிவைத்திருந்த உரையை விட்டுவிட்டுப் பேசினார். உலகமே நினைவில் வைத்திருப்பது அந்தப் பகுதியைத்தான். எங்கள் ஸ்டைல் கைடின்படி மஹாலியா ஜாக்சன் ஒரு க்ராஸ்டாக், குறுக்குப் பேச்சு. கழித்துவிட வேண்டும்.

ஒரு எபிசோடைச் சொல்கிறேன். மூன்று நண்பர்கள், நாற்பதைத் தாண்டியவர்கள். ஒருவர் முடிதிருத்துபவர், ஒருவர் பள்ளிக்கூடத்து கோச், மூன்றாமவர் பஸ் ஓட்டுநர். முதல் இருபது நிமிடம் ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டே இருந்தார்கள். கோச்சின் பழைய கார், அவருடைய வழுக்கை, கடைசியில் அவருடைய அம்மாவின் சமையல். என் பக்கத்து சீட்டில் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, “அக்கா, இவங்க சண்டை போடறாங்களா, விளையாடறாங்களான்னே தெரியலைங்க்கா” என்றான். விளையாட்டுதான். ‘டசன்ஸ்’ என்று அதற்குப் பெயரே இருக்கிறது. ஒருவர் அம்மாவை இன்னொருவர் கிண்டலடிக்க வேண்டும். முடிந்தால் எதுகை மோனையோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். முதலில் யாருக்குக் கோபம் வருகிறதோ அவர் தோற்றார். சின்ன வயதிலேயே தெருவில் கற்றுக்கொள்வது. நாக்குக்கு நல்ல பயிற்சி என்பது ஒரு பக்கம். அடிபட்டாலும் முகத்தில் காட்டாமல் இருப்பதற்கான பயிற்சி என்பது இன்னொரு பக்கம்.

அப்படி வளர்ந்த மனிதர் அந்த எபிசோடின் நடுவில், சிரிப்பு அடங்குவதற்குள்ளேயே, அப்பா செத்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை என்று சொன்னார். பஸ் ஓட்டுநர்தான். பழக்கதோஷத்தில் ஒருவர் சிரித்தார், பாதியில் நிறுத்தினார். பிறகு இரண்டு பேரும் மாறி மாறி ‘ம்ம்’. பதினைந்து நொடி அவர் பேசுவார், ‘ம்ம்’. அப்பாவோடு கடைசியாகப் போனில் சண்டை போட்டது, ‘ம்ம்’. ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, ‘யா, ப்ரோ’. டிப்போவில் வண்டியை நிறுத்திவிட்டு இருட்டில் சீட்டிலேயே உட்கார்ந்திருப்பது, ‘ஐ நோ, ஐ நோ’. யாரும் அறிவுரை சொல்லவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. அந்த முணுமுணுப்பு மட்டும் ஆறேழு நிமிடம் அவரைத் தாங்கிக்கொண்டு போனது. க்ளீன் வெர்பேட்டிமில் அந்தப் பகுதியை எழுதி முடித்து வாசித்துப் பார்த்தேன். ஒரு மனிதர் தனியாகப் புலம்புகிற மாதிரி இருந்தது. ஒரு வார்த்தை தவறில்லை. க்யூ.ஏ. என்கிற தரச் சோதனையில் முழு மதிப்பெண்.

இதையெல்லாம் கேட்க எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. நான் பெண். எங்கள் வீட்டுத் திண்ணையில் அண்ணனும் பெரியப்பா பையன்களும் பேசிக்கொண்டிருக்கும்போது நான் காபி கொண்டுபோனால் பேச்சு நின்றுவிடும், அல்லது கிரிக்கெட்டுக்கு மாறிவிடும். ஆண்கள் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்பதை முதன்முதலாக நீட்டிக் கேட்டது பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருப்பவர்களிடம்தான். விசித்திரம்தான், ஆனால் அப்படித்தான் வாய்த்தது.

மெம்ஃபிஸ்காரர் ஒருவர் குப்பை லாரியில் வேலை பார்த்த தன் தாத்தாவைப் பற்றிப் பேசிய எபிசோடும் மறக்காது. அந்த ஊரில் 1968 பிப்ரவரி 1 அன்று மழைக்கு ஒதுங்க லாரியின் பின்பக்கத்தில் ஏறியிருந்த எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு துப்புரவுத் தொழிலாளர்களைக் குப்பை அமுக்கும் இயந்திரம் நசுக்கிக் கொன்றது. அதைத் தொடர்ந்து சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்கள் கழுத்தில் தொங்கிய அட்டைகளில் இருந்தது ஒரே வரி: ‘ஐ ஆம் எ மேன்’. நான் ஒரு மனிதன், நான் ஒரு ஆண்பிள்ளை என்று இரண்டாகவும் படிக்கலாம். பேரன் பேத்தி எடுத்தவரையும் வெள்ளைக்காரப் பொடியன் ‘பாய்’, அதாவது ‘பையா’, என்று கூப்பிட்ட ஊர் அது. அந்த வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாகப் போயிருந்தபோதுதான் ஏப்ரல் 4 அன்று கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். நம் ஊரில் கிழவரைச் சிறுவன் ‘வாடா’ என்று கூப்பிட்டதைப் பார்த்தவர்களுக்கு அந்த அட்டையை விளக்க வேண்டியதில்லை. ஆண்மையைப் பற்றிய இவர்களுடைய பேச்சு சில நேரம் ஏன் இவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்று எனக்கு அங்கேதான் பிடிபட்டது. எடுத்துக்கொள்ளப்பட்ட ஒன்றைத் திரும்ப வாங்கியவர்கள் அதைக் கையில் இறுக்கித்தான் பிடிப்பார்கள்.

ஆனால் அந்த இறுக்கம் உடம்பையும் பிடிக்கும். பிரஷர் மாத்திரை பற்றிய ஒரு எபிசோடில் முடிதிருத்துபவர், என் கடைக்கு மாதம் இருமுறை வருகிறவன் டாக்டரிடம் வருடம் ஒருமுறைகூடப் போவதில்லை என்றார். அதை நம்பித்தான் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஓர் ஆய்வு நடந்திருக்கிறது, 2018இல் முடிவுகள் வெளியாயின. கறுப்பினத்தவர் நடத்தும் 52 சலூன்கள், ரத்த அழுத்தம் உள்ள 319 ஆண்கள். ஏறக்குறைய பாதிக் கடைகளுக்கு மருந்தாளுநரே போய், அங்கேயே அளந்து, அங்கேயே மருந்து எழுதிக் கொடுத்தார். மீதிக் கடைகளில் டாக்டரைப் பாருங்கள் என்று முடிதிருத்துபவர் சொன்னதோடு சரி. ஆறு மாதத்தில் மேல் அளவு முதல் வகைக் கடைகளில் சராசரியாக 27 புள்ளி இறங்கியது, மற்றவற்றில் 9 புள்ளி. அதே 2018 பிப்ரவரியில் கூடைப்பந்து வீரர் டிமார் டிரோசன் தன்னை மனச்சோர்வு மீறிப் போகிறது என்று ட்விட்டரில் ஒரே ஒரு வரி போட்டார். அந்த வரியை இந்த நிகழ்ச்சிகளில் திரும்பத் திரும்ப எடுத்துப் பேசினார்கள். லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டிய காம்ப்டனில் வளர்ந்த, ஆறடிக்கு மேல் உயரமான ஒருவர் சொல்லிவிட்டாரல்லவா, இனி நாமும் சொல்லலாம் என்ற தொனி.

எல்லாம் நல்ல பேச்சு என்று நினைத்துவிட வேண்டாம். பெண்களைத் திட்டுவதையே பிழைப்பாக வைத்திருக்கும் நிகழ்ச்சிகளும் எங்களிடம் வரும். கறுப்பினப் பெண்கள் வாய் அதிகம், அடங்க மாட்டார்கள் என்று ஒரு மணி நேரம். அங்கேயும் அதே ‘ரைட்’, அதே ‘சொல்லு, சொல்லு’. அந்த உம் இல்லாவிட்டால் பேசுகிறவருக்குப் பாதி தைரியம் போய்விடும். எனக்கு அவற்றைக் கேட்கும்போது எரிச்சலாக வரும். ட்ரேவான் மார்ட்டின் என்ற பதினேழு வயதுக் கறுப்பினப் பையனைச் சுட்டுக் கொன்றவர் 2013இல் விடுதலையானபோது பிளாக் லைவ்ஸ் மேட்டர் என்ற முழக்கத்தைத் தொடங்கியவர்கள் அலிசியா கார்சா, பேட்ரிஸ் கல்லர்ஸ், ஓப்பல் டொமெட்டி என்ற மூன்று பெண்கள். ஒரு பையனின் சாவுக்காகத் தெருவில் இறங்கிய அதே பெண்களின் வாயைப் பற்றித்தான் இவர்கள் குறைபட்டுக்கொள்கிறார்கள். இந்த ஃபைல்களில் பதில் குரல்களை விடாமல் எழுதவேண்டும் என்பது என் கட்சி. யார் யார் சேர்ந்து சிரித்தார்கள் என்பதும் பதிவில் இருக்கட்டும்.

இன்னொரு நிகழ்ச்சியில் விருந்தினர் ஒருவர் போகிறபோக்கில் ‘என் கணவர்’ என்றார். அவர் ஆண். சட்டென்று அத்தனை முணுமுணுப்பும் நின்றுபோயிற்று. அலைவடிவத்தில் பார்த்தால் தட்டையான கோடு. ‘பாஸ்’, அதாவது இடைவெளி, என்று குறிக்க எங்கள் விதிப்படி மூன்று நொடி போதும். இது அதைத் தாண்டி நீண்டது. கடைசியில் அந்த விருந்தினரே, கிங் பேசிய அந்த 1963 வாஷிங்டன் பேரணியை ஏற்பாடு செய்த பேயார்ட் ரஸ்டின் யாரென்று நினைத்தீர்கள் என்று கேட்டார். ரஸ்டின் ஒருபாலீர்ப்பாளர் என்பதாலேயே அவரைப் பின்னால் நிறுத்திவைக்கப் பார்த்தார்கள் என்பது தெரிந்த கதைதான். குழுவில் வயதில் மூத்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ‘சரி, மேலே சொல்லு’ என்றார். ஒவ்வொன்றாக மற்ற குரல்களும் திரும்பின, ஒன்றைத் தவிர. அந்த ஒருவர் எபிசோடு முடியும்வரை உம் கொட்டவே இல்லை. இது எழுத்துவடிவத்தில் எங்கே தெரியும்?

இந்தப் பேச்சை எழுதுகிறவர்கள் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு அமெரிக்காவிலேயே கணக்கு எடுத்திருக்கிறார்கள். ஃபிலடெல்ஃபியாவில் 27 நீதிமன்றப் பதிவாளர்களைச் சோதித்த ஆய்வு 2019இல் வந்தது. அவர்களுக்குச் சான்றிதழ் கிடைக்க 95 சதவீதத் துல்லியம் வேண்டும். கறுப்பினத்தவரின் பேச்சு வழக்கில் பத்து வாக்கியத்துக்கு நான்கை ஏதோ ஒரு விதத்தில் தவறாக எழுதினார்கள். இயந்திரமும் சளைத்ததல்ல: ஐந்து பெரிய நிறுவனங்களின் மென்பொருள்களை ஒப்பிட்ட 2020 ஆய்வில், வெள்ளையர் பேச்சில் நூறு வார்த்தைக்கு 19 பிழை, கறுப்பினத்தவர் பேச்சில் 35. ட்ரேவான் வழக்கில் அவனோடு கடைசியாகப் போனில் பேசிக்கொண்டிருந்த ரேச்சல் ஜென்டல் நீதிமன்றத்தில் மணிக்கணக்காகச் சாட்சி சொன்னாள். அவள் பேச்சு புரியவில்லை, நம்பும்படி இல்லை என்று ஒரு ஜூரி பிறகு சொன்னார். நியூயார்க்கில் 1827இல் வெளிவந்த முதல் கறுப்பினப் பத்திரிகையான ஃப்ரீடம்ஸ் ஜர்னல் தன் முதல் இதழிலேயே, எங்கள் வழக்கை நாங்களே எடுத்துச் சொல்ல விரும்புகிறோம், வெகுகாலமாக மற்றவர்கள் எங்களுக்காகப் பேசிவிட்டார்கள் என்று எழுதியது. இன்று அவர்களே மைக் வாங்கி, அவர்களே பேசி, அவர்களே வெளியிடுகிறார்கள். நடுவில் எழுத்தாக்குவது மட்டும் கோவையில் நைட் ஷிஃப்டில் நான்.

பஸ் ஓட்டுநர் எபிசோடுக்குப் பிறகு அந்த நிகழ்ச்சிக்காரர்களிடமிருந்து மெயில் வந்தது. காது கேளாத நேயர் ஒருவர், எல்லோரும் அவரைத் தனியே பேசவிட்டுச் சும்மா இருந்தீர்களா என்று கேட்டிருக்கிறார். அதிலிருந்து எங்கள் டி.எல்., அதாவது டீம் லீடர், ஒரு நடுவழி பேசி முடித்தார். திக்கல், இருமல் கழியலாம். பதில் குரல் ஒவ்வொன்றும் யார் சொன்னது என்ற பெயரோடு அடைப்புக்குறிக்குள் வரும். நிமிடத்துக்கு உண்டான ரேட்டில் சில பைசா கூடியது. வேலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நான்கு ஆண் குரல்கள் ஒரே நேரத்தில் ‘ம்ம்’ என்றால் எது யாருடையது என்று பிரிக்க கால் பெடலை அழுத்தி அழுத்தி ரீவைண்ட் செய்ய வேண்டும். பழகினால் வந்துவிடுகிறது. கோச்சுடையது மூக்கிலிருந்து வரும், முடிதிருத்துபவருடையது இழுத்து முடியும்.

இப்போது முதல் வரைவை மென்பொருளே கொடுத்துவிடுகிறது, நாங்கள் திருத்துகிறோம். அதன் செட்டிங்கில் தேவையற்ற ஒலிகளை நீக்கு என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் அதில் டிக் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. “அக்கா, மறுபடி டிக் வந்துடுச்சுங்க்கா” என்று இப்போதெல்லாம் தம்பிதான் முதலில் பார்த்துச் சொல்கிறான்.