ரிப்போர்ட்டில் தொலைந்துபோன ஸ்பேஸ்

நாங்கள் சோதிப்பது, யாமல் (YAML) என்ற அமைப்புக் கோப்புகளை உருவாக்கித் தரும் ஒரு சின்ன மென்பொருள். யாமலில் ஒரு வரி எத்தனை ஸ்பேஸ் தள்ளித் தொடங்குகிறது என்பதில்தான் அர்த்தமே இருக்கிறது. 'சர்வர்:' என்ற வரிக்குக் கீழே 'போர்ட்: 8080' இரண்டு ஸ்பேஸ் தள்ளி இருந்தால் அது சர்வருக்குச் சொந்தம். தள்ளாமல் இருந்தால் அது தனி ஆள். இதைப் பிடிக்கவே எழுதிய டெஸ்ட் சரியாகவே ஃபெயில் ஆனது. ஆனால் மெயிலில் வந்த ஹெச்டிஎம்எல் ரிப்போர்ட்டில், எதிர்பார்த்ததும் வந்ததும் அச்சு அசல் ஒன்றாகவே தெரிந்தன. "ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு, அப்புறம் எதுக்கு சிவப்பு?" என்று டெவலப்பர் கேட்டதில் நியாயம் இருந்தது.

டெர்மினலில் ஓட்டினால் எல்லாம் ஒழுங்காக வந்தது. பைத்தானில் டெஸ்ட்டுகளை ஓட்டும் கருவியான பைடெஸ்ட் இரண்டு வரிகளை ஒப்பிடும்போது, கேள்விக்குறியில் தொடங்கும் ஒரு வரியையும் சேர்த்துப் போடும். எது கூடியது, எது குறைந்தது, எது மாறியது என்று +, -, ^ குறிகளை அந்தந்த எழுத்துக்கு நேர் கீழே வைப்பதுதான் அந்த வரியின் வேலை. குறிக்கு முன்னால் இருக்கும் ஸ்பேஸ்கள் சுருங்கிவிட்டால் ^ வேறொரு எழுத்தைச் சுட்டும். குறியே இல்லாவிட்டால்கூடப் பரவாயில்லை, தவறான இடத்தைக் காட்டும் குறி நேரத்தைத் தின்றுவிடும்.

டெர்மினலுக்கும் பிரௌசருக்கும் நடுவில் எந்த இடத்தில் ஸ்பேஸ் போகிறது என்று ஒவ்வொரு கட்டத்தின் கோப்பையும் எடிட்டரில் திறந்து பார்த்தேன். முதல் இடம், டெஸ்ட் முடிவுகளைச் சேமிக்கும் ஜேயூனிட் வடிவ எக்ஸ்எம்எல் கோப்பு. அதில் ஃபெயிலியர் செய்தி இரண்டு இடங்களில் இருக்கும்: தொடக்க டேகிலேயே எழுதும் 'மெசேஜ்' என்ற ஆட்ரிபியூட்டில் சுருக்கமாக, தொடக்க டேகுக்கும் முடிவு டேகுக்கும் நடுவில், அதாவது டேகின் உள்ளே, விரிவாக. ரிப்போர்ட்டை உருவாக்கும் எங்கள் ஸ்கிரிப்ட் ஆட்ரிபியூட்டை எடுத்துக்கொண்டிருந்தது. ஆட்ரிபியூட்டுக்குள் வரிமுறிவோ டேபோ அப்படியே கிடந்தால், படிக்கும்போது அதை வெறும் ஸ்பேஸாக மாற்ற வேண்டும் என்பது எக்ஸ்எம்எல் விதி. வரிமுறிவு பிழைக்க வேண்டுமானால் 
 என்று எழுதியிருக்க வேண்டும். பைடெஸ்ட் அப்படித்தான் எழுதுகிறது. நடுவில் பல கோப்புகளை ஒன்று சேர்த்த கருவி அதை வெறும் வரிமுறிவாகத் திருப்பி எழுதிவிட்டது. சரி, டேகின் உள்ளே இருப்பதையே எடு என்று மாற்றியதும் வரிகள் திரும்பி வந்தன.

அடுத்தது பிரௌசர். அடுத்தடுத்து வரும் ஸ்பேஸ்களை ஹெச்டிஎம்எல் ஒன்றாக்கிவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. பழைய டெம்ப்ளேட்டில் யாரோ ஒருவர் சில இடங்களில் உடையாத ஸ்பேஸைப் (ஒன்றாகச் சுருங்காத தனி ஸ்பேஸ் எழுத்து) போட்டு இதைச் சமாளித்திருந்தார். பார்வைக்குச் சரிதான். ஆனால் ரிப்போர்ட்டிலிருந்து பைத்தான் வரியை காப்பி செய்து ஓட்டினால், கண்ணுக்குத் தெரியாத எழுத்து இருக்கிறது என்று சிண்டாக்ஸ் எரர் வரும். அதை எடுத்துவிட்டு, ஸ்பேஸ்களை அப்படியே காட்டும் 'ப்ரீ' டேகுக்குள் வைத்தேன். நீள வரிகளை மடக்கவில்லை. மடக்கினால் மிச்சம் இடது ஓரத்தில் தொடங்கி, ^ குறி மறுபடி அநாதையாகிவிடும். பக்கவாட்டில் ஸ்க்ரோல் செய்யட்டும்.

அப்போதும் முதல் வரி மட்டும் இடத்தில் நிற்கவில்லை. காரணம், டெம்ப்ளேட்டை நிரப்பும் ஜின்ஜாவின் 'இன்டென்ட்' ஃபில்டர்: சொல்லாவிட்டால் முதல் வரியை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் 4 ஸ்பேஸ் தள்ளும். 'ப்ரீ'க்குள் அதற்கு வேலையே இல்லை, தூக்கிவிட்டேன்.

என்னை அதிகம் படுத்தியது டெஸ்ட் நிரலுக்குள் இருந்த 'டெடென்ட்'. மூன்று மேற்கோள் போட்டு எழுதும் நீள உரையிலிருந்து, எல்லா வரிகளுக்கும் பொதுவான இடது வெற்றிடத்தை மட்டும் அது நீக்கும். உரைக்குள் மதிப்பை நிரப்பும் எஃப்-ஸ்ட்ரிங் வழியாகப் பல வரி யாமலை உள்ளே நுழைத்துவிட்டு அப்புறம் டெடென்ட் செய்திருந்தார்கள். நுழைந்த வரிகளில் ஒன்று ஸ்பேஸே இல்லாமல் தொடங்கினால் பொதுவான வெற்றிடம் சுழியம், டெடென்ட் எதையும் தொடாது. முதலில் டெடென்ட், பிறகு மதிப்பை நிரப்பு என்று வரிசையை மாற்ற வேண்டியிருந்தது. ஒரு வரியில் டேப், இன்னொன்றில் ஸ்பேஸ் இருந்தாலும் இதே கதைதான், அது இரண்டையும் வேறு வேறாகவே பார்க்கும்.

கடைசியாக, வித்தியாசம் காட்டும் பகுதியில் மட்டும் வரித் தொடக்க ஸ்பேஸை · என்றும் டேபை → என்றும் அச்சிட்டேன். மூல உரை தனிக் கோப்பாகக் கூடவே போகிறது. டெவலப்பர்கள் இப்போது எண்ணிப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள்.

தமிழ் மதிப்புகள் உள்ள டெஸ்ட்டுகளில் மட்டும் ^ இன்னும் நகர்கிறது. 'கி' திரையில் ஓரெழுத்து, பைத்தான் கணக்கில் இரண்டு. 'கொ'வை இரண்டு யூனிகோட் குறியெண்களாலும் எழுதலாம், மூன்றாலும் எழுதலாம், பார்க்க ஒன்றுதான். அங்கே குறியை நம்புவதை விட்டுவிட்டு, வித்தியாசத்துக்குக் கீழே ஒவ்வொரு எழுத்தின் குறியெண்ணையும் தனித்தனி வரியாக அச்சிட வைத்திருக்கிறேன். ரிப்போர்ட் நீண்டுவிட்டது என்று ஒரு புகார் வந்திருக்கிறது. ஃபெயில் ஆன டெஸ்ட்டுக்கு மட்டும்தானே வருகிறது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.