பனிக்கு அடியில் தேங்கி நிற்கும் வெப்பம்

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் மாத நடுவில் ஆர்க்டிக் பெருங்கடலின் பனிப்பரப்பு அந்த ஆண்டுக்கான மிகக் குறைந்த அளவுக்குச் சுருங்குகிறது. செயற்கைக்கோள்கள் முறையாக அளக்கத் தொடங்கிய 1979 முதல் இதுவரை கிடைத்த மிகச் சிறிய அளவு, 2012இல் பதிவான சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டர். அந்த அளவு அதன்பின் முறியடிக்கப்படவில்லை என்பதை வைத்துக்கொண்டு, பனி உருகுவது நின்றுவிட்டது என்று சிலர் எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பரப்பை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்தக் கடலில் நடப்பதில் ஒரு பாதிதான் தெரியும். மறுபாதி பனிக்குக் கீழே, தண்ணீரில் நடக்கிறது.

அதைப் புரிந்துகொள்ள இந்தக் கடலின் அமைப்பைத் தெரிந்துகொள்வது அவசியம். சுமார் 1.4 கோடி சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஆர்க்டிக், ஐந்து பெருங்கடல்களிலும் சிறியது. ஏறக்குறைய எல்லாப் பக்கமும் நிலத்தால் சூழப்பட்டது. பசிபிக் பக்கம் உள்ள ஒரே வாசலான பெரிங் நீரிணை சுமார் 85 கிலோமீட்டர் அகலமும் 50 மீட்டர் ஆழமும் மட்டுமே கொண்டது. ஆழமான வாசல் என்று சொல்லத்தக்கது, கிரீன்லாந்துக்கும் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கும் இடையே உள்ள ஃப்ராம் நீரிணை ஒன்றுதான். உலகப் பெருங்கடல் நீரில் நூற்றில் ஒரு பங்கை மட்டுமே கொண்டுள்ள இந்தக் கடலில், உலகின் ஆற்று நீரில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் வந்து கலக்கிறது. ஓப், யெனிசெய், லேனா ஆகிய சைபீரிய ஆறுகளும் கனடாவின் மெக்கன்சியும் அவற்றில் பெரியவை.

இந்த ஆற்று நீர்தான் கடலின் மேற்பரப்பை உப்புக் குறைந்ததாக வைத்திருக்கிறது. உறைநிலைக்கு அருகில் உள்ள தண்ணீரின் அடர்த்தியைத் தீர்மானிப்பது வெப்பநிலையைவிட உப்பின் அளவே என்பதால், உப்புக் குறைந்த குளிர்ந்த நீர் மேலே மிதக்க, அட்லாண்டிக்கிலிருந்து வரும் உப்பு மிகுந்த வெதுவெதுப்பான நீர் அதற்குக் கீழே சென்றுவிடுகிறது. மேற்பரப்பு நீர் மைனஸ் 1.8 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும்போது, சில நூறு மீட்டர் ஆழத்தில் பூச்சியத்துக்கு மேற்பட்ட வெப்பநிலையில் ஒரு பெரும் நீரடுக்கு கிடக்கிறது. அதில் உள்ள வெப்பம் முழுவதும் மேலே வந்தால், மிதக்கும் பனி அத்தனையையும் உருக்கிவிடும். அது மேலே வராதபடி தடுப்பது இரண்டுக்கும் இடையே உள்ள, ஆழம் செல்லச் செல்ல உப்புக் கூடிக்கொண்டே போகும் குளிர்ந்த நீரடுக்கு.

இந்த அமைப்பை உலகுக்குக் காட்டியவர் நார்வேயின் ஃப்ரிட்யோஃப் நான்சன். சைபீரியாவின் வடக்கே 1881இல் பனியில் நொறுங்கிய ஜெனட் என்ற அமெரிக்கக் கப்பலின் சிதைவுகள் சில ஆண்டுகளுக்குப் பின் கிரீன்லாந்துக் கரையில் கிடைத்ததைக் கொண்டு, பனி துருவத்தைக் கடந்து நகர்கிறது என்று அவர் ஊகித்தார். அந்த ஊகத்தை நம்பி 1893இல் ஃப்ராம் என்ற தம் கப்பலை வேண்டுமென்றே பனியில் உறைய விட்டார். துருவக்கடல் ஆழமற்றது என்று அவரே எண்ணியிருந்ததால், கொண்டுபோன அளவுக் கயிறு தரையைத் தொடவில்லை. கப்பலின் எஃகு வடம் ஒன்றைப் பிரித்து, அதன் இழைகளைப் பனிமேல் கிடத்தி மறுபடி முறுக்கி, நாலாயிரம் மீட்டருக்கும் மேல் நீளமுள்ள ஒரு கயிற்றை மாலுமிகள் செய்தார்கள். கடுங்குளிரில் அந்த வேலையைச் செய்த கைகளை நினைத்தால் மனம் நெகிழ்கிறது. அந்தக் கயிறுதான் அங்கே 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் இருப்பதைச் சொன்னது. கீழே இறக்கிய வெப்பமானிகள் குளிர்ந்த நீருக்கு அடியில் வெதுவெதுப்பான அட்லாண்டிக் நீர் இருப்பதைச் சொல்லின. 1896இல் கப்பல் ஸ்வால்பார்டு அருகே பனியிலிருந்து பத்திரமாக வெளிவந்தது.

இன்று தளர்ந்துகொண்டிருப்பது அந்தத் தடுப்பு அடுக்குதான். நார்வேக்கும் ரஷ்யாவுக்கும் வடக்கே உள்ள பேரன்ட்ஸ் கடலில் வடக்கிலிருந்து வந்து உருகும் பனி குறைந்ததால் மேற்பரப்புக்குக் கிடைக்கும் நன்னீரும் குறைந்தது. மேலும் கீழும் உள்ள நீரின் அடர்த்தி நெருங்கி வந்து, அட்லாண்டிக் வெப்பம் எளிதாக மேலேறுகிறது. பனி விலகிய இடத்தில் காற்று தண்ணீரை நேரடியாகக் கலக்குவதால் தடுப்பு இன்னும் பலவீனமாகிறது. சைபீரியக் கரையை ஒட்டிய லாப்டெவ் கடலுக்கு வடக்கே உள்ள ஆழ்கடலிலும் வெப்ப அடுக்கின் மேல் விளிம்பு கடந்த சில பத்தாண்டுகளில் உயர்ந்திருக்கிறது. அங்கே பனியைக் குறைப்பதில் கடலின் பங்கு காற்று மண்டலத்தின் பங்குக்கு ஈடாக வந்துவிட்டது என்று 2017இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கண்டது.

அலாஸ்காவுக்கும் கனடாவுக்கும் வடக்கே உள்ள போஃபோர்ட் பகுதியில் கதை வேறு. அங்கே சுழலும் நீரோட்டம் நன்னீரை மேலும் மேலும் சேர்த்துவைத்திருப்பதால் தடுப்பு வலுவாகவே இருக்கிறது. ஆனால் கோடையில், பெரிங் நீரிணையை அடுத்துள்ள பனியற்ற சுக்சிக் கடலில் வெயில் பட்டுச் சூடாகும் பசிபிக் நீர் அந்த நன்னீருக்கு அடியில் நுழைந்து தங்குகிறது. முப்பது ஆண்டுகளில் அங்கே தேங்கிய வெப்பம் ஏறத்தாழ இரட்டிப்பாகியுள்ளது. செயற்கைக்கோள் படத்தில் இது தெரியாது. பனி எவ்வளவு மெலிந்துவிட்டது என்பதும் பரப்பளவில் தெரியாது: 1985 மார்ச்சில் பனியில் மூன்றில் ஒரு பங்கு நான்கு ஆண்டுக்கும் மேல் வயதான தடித்த பனியாக இருந்தது, 2019 மார்ச்சில் அது நூற்றுக்கு இரண்டுகூட இல்லை.

ஆகவே நமக்குத் தேவை தண்ணீருக்குள் இருந்து வரும் அளவீடுகள். கடலடியில் நங்கூரமிட்டு, கம்பிவடத்தில் கருவிகளைக் கட்டிவிட்டு, ஓராண்டுக்குப் பின் கப்பலில் போய் மீட்டால்தான் அவற்றின் பதிவுகள் கைக்கு வரும். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனமும் கோவாவில் உள்ள துருவ ஆராய்ச்சி மையமும் சேர்ந்து உருவாக்கிய இண்டார்க் என்ற கருவித்தொகுதி, 2014 ஜூலையில் ஸ்வால்பார்டின் காங்ஸ்ஃபியோர்டன் என்ற குறுகிய கடற்கழியில் 192 மீட்டர் ஆழத்தில் இப்படித்தான் நிறுவப்பட்டது. அட்லாண்டிக் நீர் நுழைவதால் 2006 முதல் குளிர்காலப் பனி வெகுவாகக் குறைந்துபோன இடம் அது. நம் ஊர்ப் பொறியாளர்களின் உழைப்பு சரியான இடத்தில் இறங்கியிருக்கிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் இந்தக் கடலின் அகன்ற கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிய ஆழமற்ற கடலடி, ரஷ்யாவின் பக்கம் இருக்கிறது. மாற்றம் வேகமாக நடக்கும் இடங்களில் பலவும் அங்கேதான். 2022க்குப் பிறகு ரஷ்யாவுடனான அறிவியல் கூட்டுறவு பெருமளவு நின்றுபோனதால், அந்தப் பக்கத்து அளவீடுகள் உலக ஆய்வாளர்களுக்கு முன்போல் கிடைப்பதில்லை. செப்டம்பர் எண்ணைவிட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இந்த இடைவெளிதான்.