நிலாவெளிக் கிணற்றடியில் ஓர் இளமாணி ஆய்வு

"சேர், ஏதாவது ஆய்வு இருந்தால் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று விரிவுரையாளரிடம் போய் நின்றால் பெரும்பாலும் "பார்ப்போம்" என்ற பதில்தான் கிடைக்கும். அளந்து விடை காணக்கூடிய ஒரு கேள்வியை அரைப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். "திருகோணமலையின் நிலத்தடி நீர்" என்பது கேள்வியல்ல. "நிலாவெளியில் கடற்கரையை விட்டு உள்ளே போகப் போகக் கிணற்று நீரின் உவர் எவ்வளவு குறைகிறது, மாரிக்கு முன்னும் பின்னும் எப்படி மாறுகிறது?" என்பதுதான் கேள்வி. எத்தனை கிணறு, என்ன கருவி, எத்தனை வாரம் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும்.

நாட்களை மாரியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஒக்டோபருக்குப் பின் மழை பிடித்துவிடும். ஓகஸ்ட், செப்டெம்பரில் கோடை அளவீடு முடியாவிட்டால் ஒரு வருடம் போயிற்று.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளிலும் அளப்பதானால் தொல்பொருள் திணைக்களத்திடமும், நிலாவெளிக்கு எதிரே கடலிலுள்ள புறாமலைத் தீவுக்குப் போவதானால் வனஜீவராசிகள் திணைக்களத்திடமும் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். கடிதம் மேற்பார்வையாளரின் கையொப்பத்தோடு போகட்டும். வீட்டாரிடம் வினாக்கொத்து கொடுப்பதானால் பல்கலைக்கழக ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில். சேகரித்த பிறகு கேட்டால் அந்தத் தரவைப் பயன்படுத்தவே முடியாமல் போகலாம்.

பிழை அதிகம் நுழைவது கிணற்றடியில்தான். நீரில் உப்பு கூடக் கூட மின்கடத்துதிறனும் கூடும்; அதை அளக்கும் மின்கடத்துதிறன் மானியைத் தினமும் காலையில், அளவு முன்பே தெரிந்த 1413 மைக்ரோசீமன்/செ.மீ. நியமக் கரைசலில் சரிபாருங்கள். பாவித்த கரைசலைத் திரும்பப் போத்தலில் ஊற்றாதீர்கள். மாதிரிப் போத்தலை அந்தக் கிணற்று நீராலேயே மூன்று தரம் அலசுங்கள். சற்று முன்னர்தான் மோட்டர் போட்டு இறைத்த கிணறென்றால் அடியிலுள்ள உவர்நீர் மேலே ஏறியிருக்கும். கடைசியாக இறைத்த நேரத்தைக் கேட்டு எழுதாவிட்டால் இரண்டு கிணறுகளை ஒப்பிடவே முடியாது. வெப்பநிலையும் அப்படித்தான். ஒரு பாகை கூடினால் கடத்துதிறன் ஏறத்தாழ 2 சதவீதம் கூடும். கன்னியாவில் 40 பாகை நீரை 25 பாகைக்குத் திருத்தாமல் வாசித்தால், உப்பு ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதலாக இருப்பதாகக் காட்டும்.

கொப்பியில் பென்சிலால் எழுதுங்கள், மை நனைந்தால் ஊறிவிடும். பிழையை அழிக்காமல் ஒரு கோட்டால் வெட்டுங்கள். அன்றன்றே பக்கத்தைப் படமெடுத்து மேற்பார்வையாளருக்கு அனுப்பிவிடுங்கள்.

ஆய்வு முடிந்து வெளிவரும் கட்டுரையில் யார் பெயர் எந்த இடத்தில் வரும் என்பதை முதல் சந்திப்பிலேயே மரியாதையாகக் கேட்டு, பேசியதை மின்னஞ்சலில் எழுதி வையுங்கள். கேட்பதில் தவறே இல்லை. முடிவில் கேட்பதுதான் சங்கடம்.

கேற்றைத் திறந்து வாளி தந்த அம்மாவுக்கு அவர் கிணற்றின் அளவைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மழைக்குப் பின் இரண்டாம் தரம் போகும்போதே அது கையில் இருக்கட்டும்.